இரண்டாவது பிரேக்

புதிதாக இடது இருக்கைக்கு வந்திருக்கும் உங்களுக்கு,

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. மலேசியாவில் நம் குளுவாங் பட்டணத்தில் பாதிப் பேருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று பெருமையடித்துக்கொள்வது என் வழக்கம். மீதிப் பாதி யாரிடம் படித்தார்கள் என்பது அவர்கள் சிக்னல் போடாமல் திரும்பும்போதே தெரிந்துவிடும். ஆனால் இந்தப் பெருமையெல்லாம் என் மகளிடம் செல்லுபடியாவதில்லை. பேரன் மூன்று சக்கர சைக்கிள் பழகும்போதுகூட, "அப்பா, நீங்க உள்ள போய் டீவி பாருங்க" என்று என்னை விரட்டிவிடுகிறாள். ஏன் என்பதை இதைப் படித்து முடிக்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் டிரைவிங் பள்ளியின் முதலாளி கேட்டார். கிளட்ச், கியர், மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது உங்கள் காலைப் பற்றி. உங்களுக்கே தெரியாமல் மனசு போய் அந்தக் காலில் உட்கார்ந்துகொள்வதைப் பற்றி.

நம் காருக்கும் ஊரில் ஓடும் மற்ற கார்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் உண்டு. வலது பக்கம் பழகுகிறவர் உட்கார்கிறார், அவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது. இடது பக்கம் நாம் உட்கார்கிறோம், நம் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. ஸ்டியரிங் நம் கையில் இல்லை, ஆக்சிலேட்டர் நமக்குக் கிடையாது. நிறுத்துகிற அதிகாரம் மட்டும்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். மனிதனுக்கு ஒரே ஒரு அதிகாரத்தைக் கொடுத்தால் அவன் அதை எப்படியெல்லாம் பயன்படுத்துவான் என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரியவேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை பழக்கிய மூத்தவர், "மணியம், இந்த சீட்டுல ஒக்காந்தா வாய் தூங்கலாம், கை தூங்கலாம். கால் மட்டும் தூங்கக்கூடாது" என்றார். நல்ல அறிவுரைதான். ஆனால் அதை எப்படிப்பட்ட ஆளிடம் சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறதே. நான் பிறவியிலேயே பயந்தவன். என்னிடம் போய் அதைச் சொன்னது, ஏற்கெனவே உப்புக் கரிக்கிற குழம்பில் இன்னும் ஒரு கரண்டி உப்பை அள்ளிப் போட்ட மாதிரி ஆயிற்று. அன்று விழித்த என் வலது கால் ஓய்வு பெறும்வரை கொட்டாவிகூட விடவில்லை.

அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. மற்ற பயிற்றுநர்களின் கார்களில் ஏதாவது ஒரு மூலையில் சிராய்ப்பு இருக்கும். என் வெள்ளைக் காரில் ஒரு கீறல் கிடையாது. முதலாளி அதைக் காட்டித்தான் மற்றவர்களைக் கண்டிப்பார். நானும் தலையைக் குனிந்து, அடக்கமாக இருப்பதுபோல் பாவனை செய்வேன்.

இந்தக் கர்வத்தில் முதலில் ஊசி குத்தியவர் ஹாலிம். அவரும் எங்கள் பள்ளியில் பயிற்றுநர்தான். மலாய்க்காரர், ஆனால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். தமிழ் தண்ணீர்பட்ட பாடு. கேலி செய்யவேண்டும் என்றால் அவருக்குத் தமிழில்தான் வரும். ஒருநாள் தேர்வுத் திடலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"மணியம், ஒன்னு கவனிச்சியா? ஒனக்குப் புடிச்ச ஆளு எல்லாம் ஃபெயில். புடிக்காத ஆளு எல்லாம் ஒடனே பாஸ். இனிமே யாரு வந்தாலும் மொத நாளே ஒன்ன நாலு திட்டு திட்டச் சொல்லணும் லா. அப்பதான் அவங்க லைசென்ஸ் எடுப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது என்னிடம் பிரவின் என்று ஒரு பையன் படித்து முடித்திருந்தான். வகுப்புக்கு வந்த முதல் நாளே இருக்கையைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியும் அங்கிள், டெஸ்டுக்கு மட்டும் ரெடி பண்ணுங்க" என்றவன். சிவப்பு விளக்கில் நின்றால் கைப்பேசியை எடுப்பான். அவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல். கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவேன். முட்டிக்கொண்டால் தானாகத் தெரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டேன். அவன் முதல் தடவையே தேறினான். அதிர்ஷ்டம் எப்போதும் திமிர் பிடித்தவர்களைத்தான் தேடிப் போகிறது என்று வீட்டில் வந்து புலம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் கோமதி வந்தார்.

பக்கத்து ஊரான பாலோவில் வீடு. நாற்பதைத் தாண்டிய பெண். அக்கம்பக்கத்து விசேஷங்களுக்கு வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, குளுவாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் கேண்டீன் கிடைத்திருந்தது. பல வருஷமாக ஆசைப்பட்டு, அலைந்து வாங்கியது. பாலோவில் சமைத்து, விடிவதற்குள் வேனில் ஏற்றி, பிள்ளைகளுக்கு இடைவேளை மணி அடிப்பதற்குள் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். வேன் ஓட்டுவதற்கு அவருடைய தம்பி இருந்தார். ஆனால் தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே எல்லையில் இருக்கும் ஜொகூர் பாருவுக்குக் குடிபோகவிருந்தார். கணவருக்குக் கண்ணில் கோளாறு, ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேனை மட்டும் விட்டுப் போகிறேன் அக்கா, ஓட்ட நீ கற்றுக்கொள் என்று தம்பி சொல்லியிருந்தார்.

"பள்ளிக்கூடம் தொறக்கிற மொத நாள் சாப்பாடு வரலன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாருண்ணே" என்று சீட் பெல்டைப் போட்டுக்கொண்டே சொன்னார். "நான் இது வரைக்கும் சைக்கிள்கூட ஓட்டினதில்ல. என்னக் கொண்டுபோய் சேத்துருங்க."

அப்படிச் சொல்லிவிட்டு, நீல மூடி போட்ட ஒரு டப்பாவை என் மடியில் வைத்தார். உள்ளே கறிபாப். சூடு ஆறவில்லை. மேல்மாவு மடிப்பு மடிப்பாக உதிர்ந்தது. உள்ளே உருளைக்கிழங்குக்கு நடுவில் கறிவேப்பிலை வாசம். அடுத்த வகுப்புக்கும் டப்பா வந்தது. அதற்கடுத்த வகுப்புக்கும் வந்தது. இந்தப் பெண் நல்லா இருக்கவேண்டும் என்று நான் முழு மனசோடு நினைக்க ஆரம்பித்தேன். கறிபாப்புக்காக மட்டும் என்று ஹாலிம் சொல்லுவார், நம்பாதீர்கள்.

கோமதி அருமையாக ஓட்டினார். சந்திப்பு வந்தால் கார் மெதுவாகும். சிவப்பு விளக்கில் அலுங்காமல் நிற்கும். குறுக்கே யாராவது வந்தால் ஓசையில்லாமல் வேகம் குறையும். இவ்வளவு நன்றாக வரும் ஒருவரை நான் பார்த்ததே இல்லை என்று முதலாளியிடம்கூடச் சொன்னேன்.

முதல் தேர்வில், சாலையில் ஓட்டிக் காட்டும்போது தோற்றார். ஒரு சந்திப்பில் நிற்காமல் போகப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்த தேர்வு அதிகாரி பிரேக்கை மிதித்துவிட்டார். அதிகாரி மிதித்தால் அதோடு சரி. பதற்றம், எல்லோருக்கும் வருவதுதான் என்று தேற்றினேன். இரண்டாவது தேர்விலும் தோற்றார். இந்த முறை பட்டணத்துக்குள், சிவப்பு விளக்கில். அதே மாதிரி அதிகாரிதான் மிதித்து நிறுத்தவேண்டியிருந்தது.

தேர்வுத் திடலின் கொட்டகையில் உட்காரவைத்து, ஐஸ் போட்ட தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது.

"செவப்பு லைட்ட பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேண்ணே. நல்லா பாத்தேன்."

"அப்பறம் ஏன் பிரேக் அடிக்கல?"

"நீங்க அடிப்பீங்கன்னு பாத்துகிட்டிருந்தேன்."

"நான் எங்க கார்ல இருந்தேன்? நான் இங்க இல்ல ஒக்காந்திருந்தேன்!"

"அது எனக்குத் தெரியும்ணே" என்றார். "என் காலுக்குத் தெரியல."

எனக்கு வந்ததே கோபம். உதவி செய்தவன் தலையிலேயே பழியைப் போடுகிறாளே என்று. வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்தபடி மனைவியிடம் கொட்டினேன். அவள் சோறு பரிமாறிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு? இந்த வீட்டுலயும் ரெண்டாவது பிரேக் நீங்கதானே."

"நானா?"

"மக பினாங்குல படிக்கப் போறேன்னா, எதுக்கு அவ்ளோ தூரம்னீங்க. நான் பொந்தியான்ல தங்கச்சி வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்னா, பஸ்ஸு சரியில்ல, மழ வரும்பீங்க. வண்டி கெளம்பறதுக்கு முன்னாலயே நீங்க பிரேக்க அடிச்சிடறீங்க. ரசம் ஊத்தட்டுமா?"

ரசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். வகுப்புகளில் பழகுகிறவர்களின் கையைப் பார்ப்பதை விட்டு, என் காலை மட்டும் கவனித்தேன். நீங்களும் செய்து பாருங்கள், இதற்குச் செலவொன்றும் இல்லை. காலையில் வந்தவர் தங்காக் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியை. தங்கமான பெண், எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் கால் பிரேக்குக்கு மேலேயே மிதந்தது. சந்திப்பு வரும் முன்பே, பூனை பாலை நக்குவதுபோல், தொட்டுத் தொட்டு எடுத்தது. நான் சொல்லி அது செய்யவில்லை. அடுத்து வந்தவர் என்னை வரச்சொல்லிவிட்டுப் பல தடவை வராமலே இருந்த ஆள். அவரைப் பார்த்ததும் கால் பின்னால் போய், இருக்கைக்கு அடியில் இடது காலின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இரண்டும் ஒரே சாலை, ஒரே சந்திப்பு.

ஹாலிம் சொன்னது கேலி இல்லை, சத்தியம் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பிடித்தவர்களின் காரை நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. கோமதி அலுங்காமல் நிறுத்துகிறார் என்று முதலாளியிடம் புகழ்ந்தேனே, அத்தனையும் என்னையே நான் புகழ்ந்துகொண்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். எனக்கு இருந்தது பயம். ஆனால் அது பயம் என்ற பெயரில் வரவில்லை. பொறுப்பு என்ற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. அதனால்தான் நான் அதை உள்ளே விட்டு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். பிரவின் விஷயத்தில் நான் காலை எடுத்துக்கொண்டதும் நம்பிக்கையினால் இல்லை. அது எரிச்சல். அவன் தேறியதை நினைத்து நான் பெருமைப்பட முடியாது. ஒருநாள் அவன் எங்காவது மோதியிருந்தால் அதற்கு நானும் பொறுப்பு. பிடித்தவருக்கு அதிகம் மிதித்தேன், பிடிக்காதவருக்கு மிதிக்கவே இல்லை. இரண்டிலும் சாலையை நான் பார்க்கவில்லை. என் மனசு என்ன சொன்னதோ, அதை என் கால் செய்தது.

தெரிந்துவிட்டது, சரி. இனி என்ன செய்வது? பள்ளிக்கூடம் திறக்க ரொம்ப நாள் இல்லை. அதற்கு முன் இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் கோமதிக்குக் கிடைக்கும். அதில் தோற்றால் கேண்டீன் போய்விடும். நான் யோசித்து, அவரை ஹாலிமிடம் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். ஹாலிமுக்குச் சந்தோஷம். "அனுப்பு, கறிபாப்பையும் சேத்து அனுப்பு" என்றார்.

கோமதியிடம் சொன்னேன். என் காலில்தான் கோளாறு, என்னால் அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை, உங்களுக்காக ரொம்பப் பயப்படுகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். சொல்லும்போது முகம் சுட்டது.

அவர் கேட்டுக்கொண்டு, "ஹாலிம் அண்ணன்கிட்ட போனா அவரு மொதல்லேருந்து ஆரம்பிப்பாரு. எனக்கு அவ்ளோ நாள் ஏது?" என்றார். பிறகு, "பயமா இருந்தா பயமா இருக்குன்னு வாயால சொல்லுங்களேண்ணே. எங்க வீட்டுல எண்ணெ காஞ்சிருச்சுன்னா நான் சத்தம் போடுவேன். அடுப்படியில நிக்கிறவங்க கையிலேருந்து கரண்டிய புடுங்க மாட்டேன். புடுங்கினா அவங்க எப்ப கத்துக்கிறது?" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் ஒப்பந்தம். கால் பிரேக்கை நோக்கிப் போகும்போதெல்லாம் நான் "பயம்" என்று உரக்கச் சொல்லவேண்டும். அப்படிச் சொன்னதும் அவர் "எதப் பாத்து?" என்று கேட்பார். நான் பதில் சொல்லவேண்டும். நிஜமாகவே ஆபத்து என்றால் மிதிக்க எனக்கு உரிமை உண்டு, அதில் பேச்சே இல்லை. மற்றபடி வாய்தான்.

முதல் நாள் பட்ட பாட்டைக் கேளுங்கள். டிரைவிங் பள்ளியின் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டேன்.

"பயம்."

"எதப் பாத்து?"

"அந்த நாயப் பாத்து."

"அது கட்டிப் போட்டிருக்குண்ணே."

கொஞ்ச தூரம் போனோம்.

"பயம்!"

"எதப் பாத்து?"

"அந்த லோரியப் பாத்து."

"அது ஒர்க் ஷாப்ல நிக்குது. டயரே இல்ல."

அலமாக் என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். அன்று நான் பயந்ததில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே சொல்ல முடியவில்லை. "எதப் பாத்து" என்று கேட்டால், முன்னால் சாலை காலியாக இருக்கும். அப்போது "தெரியல" என்று சொல்லிவிட்டு அசடு வழிவேன். அவர் சிரித்துக்கொண்டே ஓட்டுவார். இத்தனை வருஷம் நான் எதைப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் யோசித்தேன். வெளியே இருப்பதைப் பார்த்து வந்த பயம் கொஞ்சம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள்மேல் இருக்கும் பாசத்தினால் வந்ததுதான் அதிகம்.

இன்னொரு வேடிக்கை. சில நாளில் கோமதி என் காலுக்குப் பதிலாக என் வாய்க்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். நான் "பயம்" என்றால்தான் வேகம் குறைந்தது. பழைய கதைதான், வேறு உறுப்பு. இதை அவரே கண்டுபிடித்து, "அண்ணே, இனிமே பயம்னு நான்தான் மொதல்ல சொல்லுவேன். நீங்க எதப் பாத்துன்னு கேளுங்க" என்று விளையாட்டை மாற்றிவிட்டார்.

அதற்கடுத்த வகுப்பில் சந்தை கூடும் பாசார் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஒரு சந்திலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று எதிர்த்திசையில் பாய்ந்து வந்தது. சொல்ல நேரமில்லை, கேட்க நேரமில்லை. என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றது. மோட்டார்காரர் கையை ஆட்டிவிட்டு, தன்மேல் தப்பே இல்லாதவர் மாதிரி போனார். திரும்பிப் பார்த்தால் கோமதியின் முகம் பூராவும் சிரிப்பு.

"அண்ணே, நானும் அடிச்சேன்! என் காலு கீழ இருக்கு, பாருங்க!"

குனிந்து பார்த்தேன். இரண்டு பிரேக்கும் தரையோடு அழுந்தியிருந்தன. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடிக்க, நாங்கள் இருவரும் நடுச் சாலையில் காரை நிறுத்திக்கொண்டு சிரித்தோம். புதியவர்களே, நீங்கள் அப்படிச் செய்யக்கூடாது. ஆனால் எனக்கு அன்று ஒன்று தெளிவாகியது. ஆபத்து வந்தால் இந்தக் கால் அதன் வேலையைச் செய்யும். அதற்காக மற்ற நேரமெல்லாம் அதைக் காவல் நிறுத்தி வைக்கவேண்டியதில்லை. பயம் வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. மூத்தவர் சொன்னது பொய்யில்லை, கால் தூங்கக்கூடாதுதான். ஆனால் விழித்திருப்பது வேறு, படபடத்துக்கொண்டிருப்பது வேறு.

கடைசி வகுப்பு பாலோ சாலையில். அவர் தினமும் வேன் ஓட்டிவரப்போகிற சாலை என்பதால் அங்கேயே போகலாம் என்றேன். இரண்டு பக்கமும் செம்பனை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் என் காலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததில் சாலையைக் கொஞ்சம் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். திடீரென்று கார் மெதுவாகியது.

"பயம்" என்றார் கோமதி.

"எதப் பாத்து?"

"கன்னுக்குட்டி. அந்த மரத்துக்குப் பின்னால."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கார் இன்னும் மெதுவாகி நின்றது. அதன் பிறகுதான், செம்பனை மட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கன்றுக்குட்டி எட்டிப் பார்த்து, சாலையில் இறங்கி, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் குறுக்கே நடந்து போயிற்று. பின்னாலேயே அதன் தாய். நான் என் காலைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. எனக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

தேர்வு அன்று கோமதி அதிகாரியோடு காரில் ஏறிப் போனதும், கொட்டகைப் பெஞ்சில் ஹாலிமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஹாலிம் குனிந்து என் காலைப் பார்த்தார். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"மணியம், அது சிமெண்டு லா. ஏற்கெனவே நின்னுகிட்டுதான் இருக்கு. விடு."

கார் திரும்பி வந்தது. கோமதி இறங்கினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் வந்து, "அவரு பிரேக்க தொடவே இல்லண்ணே" என்றார். அதற்கப்புறம்தான் அழுதார். இரண்டு தடவை தோற்றபோது அழாத பெண், தேறிவிட்டு, தேர்வுத் திடல் முழுக்கப் பார்க்க அழுதார். ஹாலிம் டிஷ்யூ தேடிக்கொண்டு ஓடினார். நான் ஓடவில்லை. எனக்கும் டிஷ்யூ தேவைப்பட்டது.

பிறகு நான் மற்றவர்களுக்கும் இதே முறையில்தான் சொல்லிக்கொடுத்தேன். எரிச்சல் வந்த ஆளிடம்கூட, "இன்னிக்கு எனக்கு ஒங்கமேல எரிச்சல்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவர் திகைத்துப்போய்க் கைப்பேசியை உள்ளே வைத்தார். கார் கொஞ்ச காலத்திலேயே ஒரு மூலையில் சிராய்த்தது. முதலாளி என்னைக் காட்டி மற்றவர்களைக் கண்டிப்பதை நிறுத்திவிட்டார். அதுவும் நல்லதற்குத்தான். மகள் பினாங்குக்குப் போனாள். பேருந்து நிலையத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கும்மா" என்றேன். "எதப் பாத்துப்பா?" என்றாள். அவள் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். கையை விட்டுவிட்டேன். சுபாவம் முழுதாக மாறிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். மாறியிருந்தால் சைக்கிள் பழகும் இடத்திலிருந்து என்னை ஏன் விரட்டுகிறார்கள்?

முடிப்பதற்கு முன் பள்ளிக்கூடம் திறந்த அந்த முதல் நாளைச் சொல்லிவிடுகிறேன்.

"தனியா வர ஒரு மாதிரியா இருக்குண்ணே, மொத நாள் மட்டும் கூட வாங்க" என்று கோமதி கேட்டிருந்தார். பினாங்குக்குப் போகாமல் அப்போது வீட்டிலேயே இருந்த மகளை விடியுமுன் எழுப்பி, என்னைப் பாலோவில் கொண்டுவிடச் சொன்னேன். கோமதியின் வேன் வாசலில் தயாராக நின்றது. பின்னால் தேங்காய்ப்பால் சோறு மணக்கும் நாசி லெமாக் பொட்டலங்கள், சம்பல் பானை, கறிபாப் தட்டுகள். கணவர் ஒவ்வொரு பானையையும் தடவிப் பார்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார். நான் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். என் காலடியில் வெறும் ரப்பர் விரிப்புதான் இருந்தது. அந்த வேனில் ஒரே ஒரு பிரேக், அது கோமதியிடம்.

செம்பனைகளுக்கு நடுவில் வெளிச்சம் மெல்ல வந்தது. கோமதி ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. தோட்டத்துச் சாலை வந்து சேரும் சந்திப்பில் செம்பனைக் குலைகள் ஏற்றிய லோரி ஒன்று தெரிந்தது. என் கால் ரப்பர் விரிப்பை ஓங்கி மிதித்தது. பின்னால் சம்பல் பானைகூட அசையவில்லை.

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார். "எதப் பாத்துண்ணே?"

லோரியைப் பார்த்தேன். அது நின்று எங்களுக்கு வழிவிட்டுக் காத்திருந்தது. ஓட்டுநர் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பியை ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"லோரியப் பாத்து இல்லம்மா" என்றேன். "நீங்க நல்லா இருக்கணும்னுதான்."

அவர் சந்திப்பைத் தாண்டி, கியரை மாற்றினார். "அதுக்குப் பிரேக் எதுக்குண்ணே?" என்றார் பிறகு. "பின்னால கறிபாப் இருக்கு, எடுத்து சாப்பிடுங்க. சூடு ஆறிடப் போவுது."

எடுத்துச் சாப்பிட்டேன். வழக்கம்போல் மேல்மாவு சட்டையெல்லாம் உதிர்ந்தது, இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்து வாசல் வந்து, பிள்ளைகள் வேனைப் பார்த்துக் கத்திய பிறகுதான் நிமிர்ந்தேன். அதுவரை என் கால் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது.